வாளித் தண்ணியும் செர்ரி இறாலும்

வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதி அப்பார்ட்மென்டில் பத்துக் கலன் தொட்டியொன்று வைத்திருக்கிறேன். உள்ளே தைவான் பக்கத்துச் செர்ரி இறால்கள். வருகிற சனமெல்லாம் "குழம்புக்குக் காணாதே" என்று பகிடி.

தண்ணியை ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பினம். நம்பாதேங்கோ. ரொறன்ரோவில் அமோனியாவும் சேர்த்துக் குளோரமைனாக்கித்தான் குழாயில் விடுகிறார்கள்; அது இலேசில் போகாது. மீன்கடையில் விற்கிற தண்ணி மருந்து விட்டுத்தான் ஊற்றுவேன். செம்பு கலந்த மீன் மருந்து கிட்டவும் வரக்கூடாது. மீன் தப்பும், இறால் சாகும்.

வெறும் கோது கிடந்தால் பதறவேண்டாம், சட்டை மாற்றியிருக்கும். அதையும் தின்றுவிடும்.

இரண்டு கிழமையாக ஒருத்தி வயிற்றுக்குக் கீழே முட்டைகளோடு, கால்களால் விசிறியபடி திரிகிறாள். பொரிக்க ஒரு மாதம் மட்டில் செல்லும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நெடுகக் கேட்கிறா, "பொரிச்சிட்டுதோ?" இன்றைக்குத் தண்ணி மாற்றுகிற நாள். அவளுக்காக அரை வாளிதான்.