முடிக்கிற ஊர்கள்

'போனதுதான் போறோம், அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்.' உங்கள் வீட்டிலும் இந்த வாக்கியம் இல்லாமல் எந்த டூரும் கிளம்பியிருக்காது. மூன்று நாள் லீவில் பதினாலு ஊர். திரும்பி வந்ததும் எது எந்த ஊர் என்று போட்டோவைப் பார்த்துச் சண்டை.

இதைப் பேராசை என்று திட்டாதீர்கள். பயம் சார், மறுபடி வருவோமோ மாட்டோமோ என்ற பயம். மத்திய அரசு ஊழியருக்கு எல்.டி.சி.யில் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகிற சலுகை பொதுவாக நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். தனியார் கம்பெனிக்காரர் லீவு கேட்கவே தனியாக வேண்டிக்கொள்ள வேண்டும்.

சேலையூர் நண்பர் ஒருவர் போன மாதம் தன் ப்ளானைக் காட்டினார். சனி ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ். ஞாயிறு கும்பகோணம். ஒரே பகலில் நவக்கிரகக் கோயில் ஒன்பதும், நடுவே சுவாமிமலை, தாராசுரம். ராத்திரியே பஸ் ஏறித் திங்கள் காலை ஆபீஸ். சாப்பாட்டுக்கு 20 நிமிஷம். கூடவே முட்டிவலியோடு வயதான அம்மா.

"எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

கணக்குப் போட்டோம். திங்களூர் மேற்கே, திருவையாறு பக்கம். திருநள்ளாறு கிழக்கே, காரைக்காலில். கீழப்பெரும்பள்ளம் பூம்புகார் பக்கம். பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 வரை, திருநாகேஸ்வரத்தில் கூட்டம் கேட்கவே வேண்டாம். ஒரே நாளில் ஒன்பதும் முடியாதது இல்லை. 2024-ல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து அப்படி ஒரு பஸ் விட ஆரம்பித்தது. ஆனால் பகல் முழுக்க அதற்கே சரியாகிவிடும். இதில் தாராசுரம் எங்கே நுழையும்? இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் போலச் செதுக்கிய அந்த மண்டபத்தை, கழற்றிய செருப்பின் சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட்டு ஓட வேண்டும்.

இப்படிப்பட்டவர்களிடம் 'குறைங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். கோபம்தான் வரும். 'எதைப் பார்க்கலேன்னா வருத்தப்படுவீங்க?' என்று கேளுங்கள். கூட வருகிறவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.

நண்பர் அம்மாவைக் கேட்டார். "வைத்தீஸ்வரன் கோயில்ல தையல்நாயகி முன்னாடி கொஞ்ச நேரம் உட்காரணும். அவ்வளவுதான்டா. ஒன்பதுன்னு நீதானே சொன்னே?" என்றாராம்.

காலையில் ஓர் இடம், சாயங்காலம் ஓர் இடம், நடுவே நிதானமாகச் சாப்பாடு, ஒரு தூக்கம். இதற்கு மேல் போட்டால் டிரைவர் மட்டும்தான் ஊர் பார்ப்பார்.

விட்டுப்போன கோயில் எங்கும் ஓடிவிடாது. தாராசுரம் எண்ணூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் நிற்கிறது. பெரியவர்களின் முட்டிதான் வருஷா வருஷம் தேய்கிறது. எனவே பட்டியலில் முதல் வரி அவர்கள் கேட்டது. நாம் 'முடிக்க' நினைப்பதெல்லாம் அடுத்த லீவுக்கு.