திரியை ஏன் வெட்ட வேண்டும்?

திருப்பூரில் சில வருஷம் இருந்தால், எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் லேபிளைத் திருப்பிப் பார்க்கும் புத்தி வந்துவிடும். வெளிநாட்டு பையர் ஒருவர் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போன வாசனை மெழுகுவர்த்தியையும் அப்படித்தான் கவிழ்த்துப் பார்த்தேன். கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் படம். ஒவ்வொரு தடவை ஏற்றும் முன்னும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டுமாம்.

இது எங்கிருந்து வந்த சாஸ்திரம்? 2012 வாக்கில் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் பெட்டிக்கடை மெழுகுவர்த்தியை இந்த ஊரே எரித்தது. யாரும் கத்தரிக்கோல் எடுத்ததாக நினைவில்லை. அகல்விளக்கில்கூடத் திரியைத் தூண்டிவிடுவோமே தவிர வெட்ட மாட்டோம்.

தேடிப் போனால் கத்தரிக்கோல் மிகப் பழசு. ஐரோப்பாவில் மாட்டுக்கொழுப்பில் வார்த்த மெழுகுவர்த்திகள் எரிந்த காலத்தில் திரி என்பது வெறுமனே முறுக்கிய நூல்தான். அது சுடருக்குள் நெட்டுக்குத்தாக நின்று கரிந்து, நீண்டு, புகை கக்கும். அடிக்கடி நறுக்கியே ஆக வேண்டும். அதற்கென்றே, வெட்டிய கரி விழச் சின்னப் பெட்டி வைத்த கத்தரி வீட்டுக்கு வீடு இருந்தது. நாடக அரங்குகளில் இந்த வேலைக்குத் தனியாக ஆளே வைத்திருந்தார்கள்.

அந்த ஆளின் வேலையைப் பறித்தது ஒரு பின்னல். 1825-இல் பிரான்சில் காம்பசெரே என்பவர் திரியை முறுக்காமல் பின்னிப் பார்த்தார். பின்னிய திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளைந்தது. சுடரின் நடுவில் ஆக்சிஜன் கிடையாது. அதனால்தான் நேராக நிற்கும் திரி சாம்பலாகாமல் கரியாகவே மிஞ்சுகிறது. வளைந்த நுனியோ சுடரின் வெளி ஓரத்துக்கு, காற்றும் உச்சச் சூடும் சேரும் இடத்துக்கு, வந்து தானே எரிந்து தீர்ந்துவிடும். பிற்பாடு திரியைப் போரிக் அமிலம் போன்ற ரசாயனக் கரைசல்களில் ஊறவைத்துக் காயவைக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. நாம் கரண்ட் கட்டில் எரித்தவை இந்தப் பின்னல் திரியின் வாரிசுகள்.

பின்னல் என்றதும் கால் தானாக பி.என். ரோட்டுப் பக்கம் போனது. 1925-இல் முதல் பனியன் கம்பெனி வந்ததாகச் சொல்லும் இந்த ஊரில் இன்று துணி மட்டுமா ஓடுகிறது? ஹூடிக்கும் டிராக் பேண்டுக்கும் கோக்கும் நாடா ஓட்டவே எத்தனையோ யூனிட்டுகள். உள்ளே பாபின்களில் பாதி இடமாகவும் பாதி வலமாகவும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிச் சுற்றுவது அசல் பின்னல் கோலாட்டம்தான்.

யூனிட் வைத்திருந்த அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “இது உருட்டு நாடாங்க. பாபின் வட்டம் முழுசாச் சுத்தும். நீங்க சொல்ற மாதிரி ஒரு பக்கம் சாயணும்னா தட்டை நாடா வேணும். அதுல ஓரத்துக்குப் போனதும் பாபின் திரும்பி வந்துரும். ஒரு பக்க நூலை இறுக்கி ஓட்டினா வளையாம என்னங்க பண்ணும்?” என்றார். பேசிக்கொண்டே நாடாத் துண்டு ஒன்றின் நுனியில் தீக்குச்சியை வைத்தார். காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல்: சுத்தக் காட்டன். இன்னொன்று சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நின்றது: பாலியஸ்டர். அப்படி உருகுகிற நூல் மெழுகை மேலே இழுத்துக் கொடுக்காது. வீட்டில் மெழுகுவர்த்தி வார்க்கிறவர்கள் கையில் கிடைத்த நாடாவைத் திரியாகப் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

சரி, 1825-லேயே தீர்ந்த சங்கதி என்றால் குப்பிக்கு அடியில் கத்தரிக்கோல் ஏன் திரும்பி வந்தது?

வாசனையும் கண்ணாடியும்தான் காரணம். வாசனை எண்ணெயும் சாயமும் மெழுகைப் போலச் சுத்தமாக எரிவதில்லை; திரி நுனியில் காளான் குடை மாதிரி கரி கட்டும். குப்பிக்குள் காற்றோட்டமும் குறைவு. போதாததற்கு, சுடர் கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடாமல் நடுவில் நிற்க வேண்டும் என்று பல குப்பிகளில் நிமிர்ந்து நிற்கும்படியான திரியைப் போடுகிறார்கள். காம்பசெரே ஒழித்த வேலையில் பாதியை அலங்காரத்துக்காக நாமே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம். திரி நீண்டால் சுடர் பெரிதாகும், குப்பியின் வாய் கறுக்கும், மெழுகு வேகமாகக் கரையும். ஆறிய பிறகு நகவெட்டியாலேயே நறுக்கலாம். வெட்டிய கரி மெழுகில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெட்டுவதைவிட முக்கியம் முதல் நாள் எரிப்பது. இதைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அரை மணி எரித்து அணைத்துவிட்டால் நடுவில் மட்டும் குழி விழும். அடுத்த முறையும் சுடர் அந்தக் குழியிலேயே இறங்கும். ஓரத்து மெழுகு அத்தனையும் வீண். மேல்மட்டம் விளிம்புவரை உருகும்வரை விட வேண்டும். குப்பியின் அகலத்தில் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. அதற்காக நாலு மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது, கண்ணாடி சூடேறிவிடும். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் வாயைச் சுற்றி அலுமினியத் தாளைக் கட்டி, நடுவில் ஓட்டை விட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்து எரியுங்கள்; ஓரம் இளகிச் சமமாகும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்போது ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

அணைக்க ஊத வேண்டாம். ஒரு குச்சியால் திரியை உருகிய மெழுகில் அமுக்கி, உடனே நிமிர்த்திவிட்டால் புகையே வராது. ஊதினால் வரும் அந்த வெள்ளைப் புகை எரியாத மெழுகின் ஆவி. 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெழுகுவர்த்தி ஒன்றை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு உரைகள் நடத்திய மைக்கேல் ஃபாரடே, அந்த ஆவியில் தீயைக் காட்டித் திரியைத் தொடாமலே மறுபடி ஏற்றிக் காட்டினார்.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. இப்போது தேங்காய் மெழுகு என்று விற்கிறார்கள். கொப்பரைக் களங்கள் நிறைந்த காங்கேயம் பக்கத்திலேயே இருக்கும்போது நாமே செய்யலாமே என்று தோன்றும். ஆனால் வெறும் தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்தது மதியத்துக்குள் தண்ணீராகிவிடுகிறதே. ஹைட்ரஜன் ஏற்றி, வேறு மெழுகும் கலந்தால்தான் நிற்கும். சோயா மெழுகும் சீக்கிரம் இளகுவதுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் காலி. மூடி போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். திறந்து வைத்தால் ஏற்றாமலே வாசனை போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி தலைக்கு மேல் சுற்றுகிறது. ஃபேன் காற்றில் சுடர் ஆடினால் மெழுகு ஒரு பக்கமாகவே உருகும், கரியும் ஏறும். அப்புறம் திரியை எத்தனை ஒழுங்காக வெட்டியும் பயனில்லை. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை முடியும்வரை சமாளித்துவிடலாம். சித்திரையில் ஃபேனா மெழுகுவர்த்தியா என்று கேட்டால், நான் ஃபேன் கட்சி.