காட்டுச் சாலையும் இரும்பு யானையும்

லெடோ என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, நேயர்களே? அசாமின் கிழக்குக் கோடியிலே, தேயிலைத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் அங்கே போய் நின்றுவிடும். "இத்தோடு தேசம் முடிந்தது போலிருக்கிறது!" என்று பெட்டி படுக்கையுடன் இறங்குகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரயில் முடிகிற இடத்தில் ஒரு சாலை ஆரம்பமாகிறது. அது சாதாரணச் சாலை அல்ல. மலை தாண்டி, பர்மா தாண்டி, சீனாவின் குன்மிங் நகரம் வரையில் 1,079 மைல் போன சாலை!

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்டுப் போயிற்று. விமானத்தில்தான் எல்லாச் சாமான்களும் மலைகளுக்கு மேலே பறந்து போக வேண்டியிருந்தது. லெடோவிலிருந்து காட்டைக் குடைந்து ஒரு புதுச் சாலை போட்டே தீர வேண்டும் என்றார் அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல். அந்த வருஷம் டிசம்பரில் வேலை தொடங்கிற்று.

வேலை செய்தவர்கள் யார் என்கிறீர்களா? சுமார் 15,000 அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் கறுப்பினத்தவர். யுத்தத்துக்கு வந்த இடத்திலும் அவர்களுக்குத் தனிப் படை, தனிக் கூடாரம். அவர்களோடு கூட நம் இந்தியத் தொழிலாளிகள் பல்லாயிரம் பேர்.

லெடோவிலிருந்து 38-வது மைலில் பாங்சாவ் கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 3,700 அடிதான். நம் ஊட்டியில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் 'நரகக் கணவாய்'! காரணம், மழை. மலைச்சரிவு முழுவதும் களிமண். மழைக்காலம் வந்துவிட்டால் மேலேயிருந்து மண் சரியும். கீழே சாலை கூழாகும். 1943-ல் மே மாதத்திலிருந்து ஆகஸ்டு முடியும் வரையில் சாலை நகர்ந்தது ஒரு சில மைல்களே. லாரிகள் அச்சுவரை புதைந்தன. கல் உடைக்கும் யந்திரம், மண் சுமக்கும் வண்டி எல்லாம் அப்படியே நின்றன.

அப்போது ஆபத்பாந்தவனாக வந்து நின்றது புல்டோசர்.

பதினைந்து டன் எடையுள்ள புல்டோசர் மட்டும் ஏன் புதையவில்லை? அதன் அகலமான இரும்புப் பட்டை அத்தனை எடையையும் பரப்பி விடுகிறது. ஒரு சதுர அங்குல மண்ணுக்கு விழும் பாரம், நடந்து போகிற ஒரு மனிதரின் காலடிப் பாரத்தைவிட மிக அதிகமில்லை. அதை எழுப்புவதும் ஒரு வேடிக்கை. பெரிய டீசல் எஞ்சின் நேரே கிளம்பாது. பக்கத்திலே ஒரு குட்டிப் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். முதலில் குட்டியைக் கிளப்ப வேண்டும்; அது போய்ப் பெரியவரைத் தட்டி எழுப்பும்!

சேற்றில் புதைந்ததை இழுப்பதும் ஒரு கலைதான். களி கிண்டியிருக்கும் சகோதரிகளுக்கு அது தெரியும். துடுப்பை வெடுக்கென்று இழுத்தால் சட்டியும் சேர்ந்து வரும். சற்று அசைத்து, காற்றுக்கு வழிவிட்டு, மெல்ல இழுத்தால் துடுப்பு மட்டும் வரும். களிமண்ணும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆகையால் முதலில் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னே வெட்டி வழி செய்ய வேண்டும். அடியிலே மரக்கட்டை போட வேண்டும். பிறகு புல்டோசரின் பின்பக்கத்து உருளையிலிருந்து எஃகு வடத்தை இழுத்துக் கட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு காரியம் உண்டு. இழுக்கிறவன் காலூன்றி நிற்க வேண்டாமா? இல்லாவிட்டால் புதைந்தது வெளியே வராது. இழுக்க வந்ததும் சறுக்கிக் கொண்டு சேற்றுக்குள் போய்விடும். ஆகவே புல்டோசரின் முன்பக்கத்தைப் பெரிய மரத்தின் அடியோடு சங்கிலியால் பிணைப்பார்கள். அப்படியும் பலம் போதவில்லையானால் கப்பி இருக்கிறது. நம் கிணற்றுக் கப்பி ஒரே இடத்தில் சுழலும்; இழுக்கும் திசையைத்தான் மாற்றும். புதைந்த வண்டியிலேயே கப்பியைக் கட்டி, வடத்தின் நுனியை வேறொரு மரத்தில் முடிந்துவிட்டாலோ, இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகம் மட்டும் பாதி. வடம் இறுகும்போது பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் சாட்டையாய்ச் சுழன்று வரும் எஃகுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

1943 அக்டோபரில் லூயிஸ் பிக் என்ற தளபதி பொறுப்பேற்றார். மழை வெயில் பாராமல் இரவிலும் விளக்கு வைத்துக்கொண்டு வேலை நடந்தது. டிசம்பர் 27-ல் முதல் புல்டோசர் பர்மாவின் ஷிங்ப்வியாங் என்ற ஊருக்குள் நுழைந்தது. 1945 ஜனவரி 12-ல் லெடோவிலிருந்து புறப்பட்ட முதல் லாரி வரிசை, பிப்ரவரி 4-ல் குன்மிங் போய்ச் சேர்ந்தது. விலை? ஏறக்குறைய 1,100 அமெரிக்கர்களின் உயிர். மைலுக்கு ஒரு மனிதர் என்று சொல்வார்கள். மாண்டுபோன ஆசியத் தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு கணக்குகூட இல்லை. அமெரிக்கப் படையில் நிறப்பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ல். அதற்குள் சாலை போட்டவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள்.

நீங்கள் அங்கே போக விரும்பினால் அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். வழியிலே ஜெய்ராம்பூர் அருகில் அந்த யுத்தகாலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். எல்லைக்கு அப்பால், பர்மாவில், சாலையின் பல பகுதிகளைக் காடு திரும்ப எடுத்துக் கொண்டுவிட்டது.

சாலை போயிற்று, புல்டோசர்கள் என்ன ஆயின? அமெரிக்க ராணுவம் இந்தியாவில் விட்டுச் சென்ற கனரக டிராக்டர்களில் சுமார் 200-ஐ வைத்துக்கொண்டு, 1947-ல் நம் சர்க்கார் 'மத்திய டிராக்டர் ஸ்தாபனம்' ஏற்படுத்திற்று. இந்தத் தடவை சேற்றில் புதைந்து கிடந்தது லாரி அல்ல, நிலம்! மத்திய இந்தியாவின் கரிசல் பூமியில் 'கான்ஸ்' என்ற நாணல் இனத்துப் புல் வேரோடிக் கிடந்தது. மாட்டு ஏருக்கு அது மசியவில்லை. கனத்த கலப்பையைப் பூட்டிக்கொண்டு, மழைக்கு முன்னால், கோடை வெயிலில் ஆழ உழுது வேரைப் புரட்டிப் போட்டு உலர்த்தின அந்தப் பழைய ராணுவ யந்திரங்கள். 1949-ல் உலக வங்கி இந்த வேலைக்காக ஒரு கோடி டாலர் கடன் தந்தது. இமயமலை அடிவாரத்துத் தராய்க் காட்டிலும் அவை இறங்கின. தேசப் பிரிவினையிலே வீடு வாசல் இழந்து, கைக்குழந்தையுடன் வந்த குடும்பங்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது.

அடுத்த கோடை விடுமுறைக்கு நைனிடால் போகிறவர்கள், ருத்ரபூரைத் தாண்டும்போது சற்று ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். யுத்தத்துக்கென்று கப்பலில் வந்த இரும்பு யானைகள், கடைசியாகக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பூமி அது.