இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்பதைத் தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவிடம் சொல்ல எனக்கு வெகுகாலம் துணிவு வரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம். இந்தியாவில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். நான் வாழும் ஒன்டாரியோவில் நிலைமை வேறு. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்த சோள வயல்களில் கனடா கூஸ் எனப்படும் பெருவாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. எந்த நாளில் சுடலாம், ஒருவர் ஒரு நாளில் எத்தனை எடுக்கலாம் என்பதை எல்லாம் அரசு வரையறுக்கிறது. கடையில் உறையிட்டு விற்கும் கோழியை எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கித் தின்றுவந்தவள் நான். தட்டில் இருக்கும் இறைச்சிக்கு ஒருமுறையாவது நானே பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் புகுந்தபின் போகவில்லை. வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று அதை மறைத்தே வைத்திருந்தேன்.

உரிமம் பெறுவது நீண்ட வேலை. நீண்டதாக இருப்பது நல்லது. பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, நமக்காகச் சாட்சி சொல்ல ஆட்கள். முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். வேட்டைக்குத் தனி வகுப்பும் தனி அனுமதியும் உண்டு. இத்தனையும் முடித்துத்தான் கடைக்குப் போனேன்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெலிந்த 20 கேஜ் (கேஜ் எண் கூடினால் குழல் சிறிது) பம்ப் ஷாட்கன் ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டரைக் கிலோதான் இருக்கும். பெண்களுக்கு இதுதான் சரி, உதைக்காது என்றார். எடை குறைந்தால் உதை கூடும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். தோட்டா முன்னே தள்ளும் விசை அதேதான். அதைத் தாங்கும் எடை குறைந்தால் மிச்சம் தோளுக்கு வந்து சேரும். இப்படி லேசான துப்பாக்கியைக் கையில் வாங்கி, தோளில் நீலம் பாரித்து, அத்தோடு இந்தப் பக்கமே வராமல் போன பெண்களைப் பின்னால் பார்த்தேன். அவர்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

அன்று எதையும் வாங்காமல் திரும்பி, ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் கிளப் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் துப்பாக்கியைத் தொடவிடாமல் முதலில் என் கண்ணைச் சோதித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு துளை வைத்து, தூரத்தில் நின்ற கம்பத்தை அதன் வழியே பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடினால் கம்பம் தெரிந்தது; இடது கண்ணை மூடினால் மறைந்தது. எழுதுவது, சமைப்பது எல்லாம் வலது கை. ஆள்வதோ இடது கண். நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாத சங்கதி அது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ரைஃபிளில் முன்னும் பின்னும் குறிமுள் இருக்கும். ஷாட்கன்னில் குழலின் முன்முனையில் சிறு மணி மட்டும்தான். பின்குறிமுள்ளின் வேலையைக் கண் செய்கிறது. கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் எங்கே படிகிறதோ, அங்கேதான் கண் நிற்கும். கண் கால் அங்குலம் மேலே போனால் 40 கஜத்தில் தோட்டாவிலிருந்து சிதறும் ரவைக் கூட்டம் சுமார் 10 அங்குலம் மேலே போகிறது. வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்த்தால் எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் இடது கண்ணாடியில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்வார்கள், அல்லது அந்தக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. அதனால் இடது தோளிலேயே பழகு என்றார் பெரியவர்.

அந்த ஒரு வார்த்தை துப்பாக்கித் தேர்வைப் பாதி முடித்துவிட்டது. சாதாரண அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் வெற்றுத் தோட்டாவை வலப்பக்கம் எறிகின்றன. இடது தோளில் வைத்தால் அது முகத்துக்கு முன்னால் பறக்கும். இடதுகைக்காரர்களுக்கென்று செய்தவை உண்டு, ஆனால் குறைவு. மேலும் கீழுமாக இரண்டு குழல் கொண்ட ஓவர்-அண்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் மடக்கித் திறந்தால் இரண்டு குழலும் காலி என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். புதிதாகக் கற்பவர் கையில் இதைவிட நிம்மதியான துப்பாக்கி கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

கிளப்பில் ஆளுக்கொன்றாக இரவல் கொடுத்தார்கள். பிரவுனிங் சிட்டோரி, பெரெட்டா சில்வர் பிஜன் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. இரண்டும் எனக்கு நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை கடையில் வருவது பெரும்பாலும் பதினாலரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். சராசரி வெள்ளைக்கார ஆணின் கைக்கு அளந்தது. எனக்கு வேண்டியது பதிமூன்றேகால். கடைசியில் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 12 கேஜ் ஓவர்-அண்டர் ஒன்றை வாங்கினேன். 28 அங்குலக் குழல், ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. கட்டையை அறுத்துக் குறைத்து, கன்னம் படியும் இடத்தைச் சற்று உயர்த்திக் கொடுத்தார் கட்டை வேலை செய்பவர். சின்ன உடம்புக்கு 12 கேஜா என்று கேட்டவர்கள் உண்டு. எடை கூடிய துப்பாக்கியில் 24 கிராம் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் தோளுக்கு வலியே தெரியாது. வேட்டைக்குப் போகும்போது அதே துப்பாக்கியில் மூன்று அங்குலத் தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம். தட்டுக்கும் பறவைக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு இந்த வசதி பெரிது.

12, 20 இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது அழகுக்காக அன்று. அது தவறி 12 கேஜ் குழலில் விழுந்தால் உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கனடாவில் 1999 முதல் வாத்துகளைச் சுட ஈய ரவை கூடாது. நீர்நிலையில் விழுந்த ஈயத்தைத் தின்று பறவைகள் விஷமேறிச் செத்ததால் வந்த சட்டம் அது. ஈயத்துக்குப் பதிலாகப் போடும் எஃகு ரவை கடினமானது. குழல் முனையை இறுக்கிக் கட்டிய பழைய துப்பாக்கிகளைக் கெடுத்துவிடும். முனை இறுக்கத்தைத் திருகி மாற்றும் சோக் இருக்கிறதா, எஃகுக்கு ஏற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும். நான் ஸ்கீட் என்னும் தட்டு ஆட்டத்தில் சுடும்போது அகலமான சோக்கும், வேட்டையில் நடுத்தரச் சோக்கும் மாட்டுகிறேன்.

தட்டு தவறினால் ஒரு புள்ளி போகும். பறவைமேல் பாதி பட்டால், அது நாணலுக்குள் போய் ஒளிந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகும். பொருந்தாத துப்பாக்கி அதைத்தான் செய்யும். அதனால்தான் ஒரு பருவம் முழுக்கத் தட்டு மட்டுமே சுட்டேன். பெரிய தாளில் சுட்டு, ரவை எங்கே படிகிறது, எவ்வளவு பரவுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். 35 கஜத்துக்கு மேல் பறக்கும் வாத்தை இன்றும் சுடுவதில்லை.

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்னும் தட்டுப் போட்டியில் சுடப் போன செய்தியை அப்பா படித்துவிட்டு, "நீ சுடுறதும் இந்தத் தட்டுதானாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், வாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "வீணாக்காதே" என்று மட்டும் சொன்னார்.

முதல் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து கடைக்கு முன் கிளப்புக்குப் போங்கள். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை இரவல் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம், தருவார்கள். தோட்டாவுக்கு மட்டும் நீங்கள் பணம் கொடுத்துவிடுங்கள்.