ஒரு சின்ன ஆணி

வாழ்வாதாரத் திட்டங்களில் பணிபுரியும் எனக்குப் படிவம் நிரப்புவது பழகிப்போன வேலை. ஆனால் ஒரு படிவத்தில் நான் எழுதிய வசனம் இன்னும் மனதை உறுத்துகிறது. “பயனாளி உபகரணத்தைச் சரிவரப் பராமரிக்கவில்லை.”

அந்தப் பயனாளி கொட்டியாரக் குடாக் கரையில் வாழும் ஓர் அக்கா. 2006 இல் மூதூர்ப் பக்கமிருந்து சனங்கள் இடம்பெயர்ந்த நாட்களில் கணவரைத் தொலைத்தவர். மீள்குடியேறிய பின் உதவியாக ஒரு பைபர் வள்ளமும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினும் கிடைத்தன. அவற்றை ஊர்ப் பொடியன்கள் இருவருக்குப் பங்குக்கு விட்டார். எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கென்று வரும் பங்கில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது அந்தப் பங்கும் சுருங்கியது.

அதற்கு அடுத்த வருடம் ஒருநாள் எஞ்சின் நடுக்கடலில் சூடேறி நின்றுவிட்டது. வேறொரு வள்ளம்தான் கட்டி இழுத்து வந்தது. பிஸ்டன் பிடித்துவிட்டது என்றார்கள். அக்கா சங்கிலியை அடகு வைத்துத் திருத்தினார். அடகை மீட்க முன்னரே மறுபடியும் அதே கதை. “ஆம்பிளை இல்லாத வீட்டு எஞ்சின் அப்பிடித்தான்” என்று கரையில் கதைத்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் அலுவலக மொழியில் படிவத்தில் எழுதினேன்.

படிவத்தைக் கொடுத்த பிறகு, எஞ்சினைப் படம் எடுப்பதற்காகத் திரும்பவும் போனேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, எஞ்சினின் கால்ப் பகுதியைத் தடவிப் பார்த்தார்.

“மகள், இஞ்ச பாருங்க. இந்த ஓட்டைக்கு ஒரு சல்லடை மூடி இருக்கோணும். அதப் பிடிச்சிருக்கிறது ஒரு சின்ன ஆணி. ஆணி கழண்டு மூடியும் கடலோட போயிட்டுது. எஞ்சின் சூடாகாம என்ன செய்யும்?”

அன்றுதான் எனக்கும் விளங்கியது. லொறிக்கு றேடியேற்றர் இருக்கிறது. வள்ள எஞ்சினுக்குக் கடல்தான் றேடியேற்றர். தண்ணீருக்குள் நிற்கும் காலிலுள்ள ஓட்டைகளால் கடல்நீர் உள்ளே போகும். அங்கே சுழலும் ஒரு றப்பர் விசிறி அதை மேலே தள்ளும். அந்த நீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். அதில் கொஞ்சம் பின்பக்கத்துச் சிறு துளையால் பீச்சி அடிக்கும். மூடி இல்லாவிட்டால் மணலும் பாசியும் பொலித்தீன் துண்டும் உள்ளே இழுபடும். றப்பர் விசிறி தேய்ந்து கிழியும். தண்ணீர் நின்றால் சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். முதல்முறை திருத்தியவர் பிஸ்டனையும் விசிறியையும் மாற்றினாரே தவிர, மூடியைப் பார்க்கவில்லை. அதனால்தான் இரண்டாம் முறையும் பிடித்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரல்லையே மிஸ். சொல்லியிருந்தா ஒவ்வொரு நாளும் பாத்திருப்பனே.”

உண்மைதான். எஞ்சினைக் கையளித்த அன்று அக்காவிடம் கையொப்பம் வாங்கினோம், படமும் எடுத்தோம். விளக்கம் மட்டும் பொடியன்களுக்குச் சொன்னோம். பெண்கள் வள்ளத்தில் கை வைக்கக் கூடாது என்ற பேச்சு சில கரைகளில் இன்னும் இருக்கிறது. சமூகவியல் படித்த நானும் அதைக் கேள்வி கேட்கவில்லை. கடன் அவர் பெயரில், எஞ்சின் மற்றவர் கையில்.

கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே பனிமேல் ஓடும் வண்டியிலும் இப்படி நடக்குமாம். வழுக்காமல் இருக்க அதன் ஓடுபட்டியில் ஆணிகள் பதித்திருப்பார்கள். அதில் ஒன்று தளர்ந்து கழன்றால் மேலேயுள்ள குளிர்விக்கும் பகுதியைக் கிழித்துவிடும், நீர் ஒழுகி எஞ்சின் பழுதாகும். “அதுதான் ஓடமுன்னம் ஆணியளப் பாக்கிறது” என்றான். பனியானாலும் கடலானாலும் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் எஞ்சின் நிலைக்கும்.

நான் அலுவலகத்தில் பேசி அந்த வசனத்தை மாற்றினேன். “பராமரிப்புப் பற்றிப் பயனாளிக்கு விளக்கப்படவில்லை” என்று எழுதினேன். திருத்தச் செலவில் ஒரு பகுதி கிடைத்தது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இப்போது வள்ளம் இறங்கமுன் அக்கா திருப்புளியோடு கரையில் நிற்கிறார். மூடியின் ஆணியை இறுக்கிப் பார்க்கிறார். எஞ்சினைத் தண்ணீருக்கு வெளியே முடுக்க விடுவதில்லை, றப்பர் விசிறி காய்ந்து கருகிவிடும். துளையால் தண்ணீர் பீச்சுவதைக் கண்டபிறகே வள்ளத்தைப் போகவிடுகிறார். கடலில் அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தால் நல்லதண்ணீர்ப் பரலில் சில நிமிடம் ஓடவைத்து உப்பைக் கழுவுகிறார்.

சகோதரிகளே, உங்களுக்குக் கிடைப்பது வள்ள எஞ்சினாக இருக்கலாம், தையல் மெசினாக இருக்கலாம், தண்ணீர் இறைக்கும் மோட்டராக இருக்கலாம். கையொப்பம் வைக்கமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் நான் ஒவ்வொரு நாளும் எதைப் பார்க்கவேண்டும்?” அதைக் காட்டித்தருவது எங்களைப் போன்றவர்களின் கடமை. காட்டித்தரும் வரை பேனையைத் தொடாதீர்கள்.