மறைந்திருக்கும் கானகம்

பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயத்தைப் படத்திலாவது பார்க்காதவர் நம்மில் எவரும் இருக்கமாட்டோம். இரட்டைக் கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், விண்ணை நோக்கும் ஊசிக்கோபுரம் என்று வியக்கிறோம். ஆனால் அதன் ஈயக் கூரைக்கும் கல்லாலான வளைவுக்கும் நடுவே ஒரு கானகமே மறைந்திருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஓக் மரங்களைச் செதுக்கி அமைத்த கூரைச் சட்டங்கள்தாம் அவை. அவ்வளவு மரங்கள் அடர்ந்து நின்றதால் பிரெஞ்சு மக்கள் அதைக் 'காடு' என்றே அழைத்தார்கள். கீழே முழந்தாளிட்டு ஜெபிப்பவர் கண்ணுக்கு அது தென்படாது.

2019 ஏப்ரல் 15. புனித வாரத்துத் திங்கட்கிழமை. அன்று மாலை அந்தக் காடு தீக்கிரையானது. ஊசிக்கோபுரமும் முறிந்து விழுந்தது.

மீண்டும் எதனால் கட்டுவது? இந்தக் கேள்வி எங்கள் வகுப்பிலும் எழுந்தது. "யாரும் பார்க்காத இடத்திற்கு ஓக் மரம் எதற்கு? இரும்பு போதாதா?" என்றாள் என் தோழி. அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1836-இல் சார்த்ர் பேராலயத்தின் கூரை எரிந்தபோது இரும்பால்தான் கட்டினார்கள். முதல் உலகப்போரில் சிதைந்த ரைம்ஸ் பேராலயத்திற்குக் கான்கிரீட் கூரைச் சட்டம் அமைத்தார்கள். இரண்டும் இன்றும் நிற்கின்றன.

ஆயினும் 2020-இல் பழையபடியே ஓக் மரத்தால் கட்டுவதென்று முடிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வத் தச்சர்கள் கூடி, ஒரு சட்டத்தை முழு அளவில் கையாலேயே செய்து, பேராலயத்தின் முன் கயிறும் கப்பியும் கொண்டு தூக்கி நிறுத்திக் காட்டினார்கள். பழைய கலை சாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பின்னர் ஏறத்தாழ 2000 ஓக் மரங்கள் பிரான்சின் பல காடுகளிலிருந்து வந்தன. ஆல்சேஸ் பகுதிக் கொல்லர்கள் இதற்கென்றே அகன்ற கோடரிகளை அடித்துக் கொடுத்தார்கள். பச்சையாக இருக்கும்போது ஓக் மரம் கோடரிக்கு இணங்கும், உலர்ந்தபின் இறுகிவிடும். ரம்பம் நேர்கோட்டில் அறுத்துச் செல்லும். மரத்தின் நாரையும் அறுத்துவிடும். கோடரி பிடித்த தச்சரோ நார் ஓடும் வழியே செதுக்குகிறார். அதனால் மரம் தன் வலுவை இழப்பதில்லை. இவ்வாறு பணிசெய்த தச்சர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமையல்லவா!

சட்டம் கோக்கும் முறையும் வியப்புக்குரியது. தரையில் முழு அளவில் படம் வரைந்து, அதன்மேல் மரங்களைக் கிடத்தி, தூக்குநூல் பிடித்து ஒவ்வொரு பொருத்தையும் குறிக்கிறார்கள். பிறகு ஒன்றில் நாக்கும் மற்றதில் துளையும் வெட்டி, மர ஆணி அடித்து இணைக்கிறார்கள். ஒன்றுக்கென வெட்டிய நாக்கு மற்றொன்றில் பொருந்தாது. இக்கலையை 2009-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

திருப்பணியைத் தலைமையேற்று நடத்திய ஜெனரல் ஷான்-லூயி ஜார்ஜலான், வேலை முடியுமுன்னே 2023-இல் இறந்தார். ஊசிக்கோபுரத்தின் மரத்தில் அவர் பெயரைச் செதுக்கினார்கள் தச்சர்கள். அதன்மேல் ஈயத் தகடு போர்த்தப்பட்டது. 2024 டிசம்பர் 8 அன்று புதுப்பித்த பேராலயத்தில் முதல் திருப்பலி நிறைவேறியபோது, கூடியிருந்தவர் எவரும் தலைக்கு மேலிருந்த அந்தக் காட்டைக் காணவில்லை.

எங்கள் தையல் ஆசிரியை, பூவேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலில் துணியைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்ப்பார். முடிச்சும் பிசிறும் இல்லாதிருந்தால்தான் முன்புறத்தைப் பாராட்டுவார். தோழிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். பார்ப்பவர் இருந்தால் ஒரு விதமாகவும், இல்லாவிட்டால் வேறு விதமாகவும் செய்வது வேலையாகாது.

நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பர் செய்த பொருள் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அவர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் உழைப்போர் அனைவரும் அவரையே பாதுகாவலராகக் கொண்டாடுகிறோம். பேராலயத்தின் கூரைக்குள்ளே கோடரித் தழும்புகளோடு இருளில் நிற்கும் அந்த ஓக் மரங்களைச் செதுக்கியவர்கள், அவர் வழி வந்தவர்கள் அல்லரோ?