கம்புக்கு முன்னால் காலடி! ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாலை உலா

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நாக்கில் பால்கோவா இனிக்கும். ராஜபாளையம் என்றதும் கண் முன்னால் ஒரு வெள்ளை நாய் நிமிர்ந்து நிற்கும். 2005-ல் அந்த நாய் இந்தியத் தபால்தலையில் இடம்பிடித்தது. 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் பலரும் காலையில் ஆண்டாளைச் சேவிப்பார்கள், கடைத்தெருவில் அரைக் கிலோ பால்கோவா வாங்குவார்கள், முடிந்தால் அய்யனார் அருவியை எட்டிப் பார்ப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள்.

ஒரு நாள் மட்டும் அந்த மாலை பஸ்ஸைத் தவறவிடுங்கள். ஐந்தரை மணிக்கு மேல் இந்த ஊர்களின் பள்ளி மைதானங்களிலும், கோயில் பக்கத்துத் திடல்களிலும், தோப்பு ஓரத்து வெற்றிடங்களிலும் மெதுவாக நடந்து பாருங்கள். 'விஷ்... விஷ்...' என்று காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் நில்லுங்கள். அது சிலம்ப வகுப்பு.

பாளையமும் கோட்டையும்

இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து ராஜபாளையம். மேற்கே திரும்பினால் மலைத்தொடர் கூடவே வரும். அந்த மலையில்தான் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் விரிந்தது. ஆடி மாதச் சாரல் நாட்களில் மலையிலிருந்து இறங்கும் காற்று, தென்னையையும் மாவையும் தடவிக்கொண்டு ஊருக்குள் வரும்.

ஊர்ப் பெயரிலேயே 'பாளையம்' இருக்கிறது. தெருக்களுக்கோ சிங்கராஜா கோட்டை, சக்கராஜா கோட்டை என்று பெயர். அக்கம்பக்கத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான் என்று பழைய பாளையங்கள். இன்னும் தெற்கே போனால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1801-ல் பாளையக்காரர் போர் அடங்கிய பிறகு, இந்தத் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கும்பினி அரசு தடை போட்டது. வாளையும் வேலையும் பறிக்கலாம். ஆடு மேய்ப்பவர் கையிலும், வரப்பில் நடக்கும் பெரியவர் கையிலும் இருக்கும் மூங்கில் கம்பை எப்படிப் பறிப்பது? சிலம்பம் இத்தனை தலைமுறை தாக்குப்பிடித்ததற்கு அந்தக் கம்பின் எளிமையும் ஒரு காரணமாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

முதலில் கால், பிறகுதான் கம்பு

சேர்ந்த அன்றே கம்பு சுற்றலாம் என்று ஆசையோடு வரும் பிள்ளைகளுக்கு முதல் ஏமாற்றம் காத்திருக்கும். வாத்தியார் கம்பைத் தரமாட்டார். எப்படி நிற்பது, எந்தக் காலை முன்வைப்பது, உடம்பின் எடையை எப்படி மாற்றுவது, எப்படித் திரும்புவது என்று காலடிப் பாடம்தான் முதலில். தரையில் கோடு கிழித்து, அதன்மேல் முன்னும் பின்னுமாக நடக்கவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பாண்டி ஆட்டம் போலத் தெரியும். கால் தடுமாறினால் கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை என்பது பிறகுதான் புரியும்.

அடுத்துக் கம்பு. ஆளின் நெற்றி உயரம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே பிள்ளை வளர வளரக் கம்பும் மாறும். ஒரு கை வீச்சு, இரு கை வீச்சு, முன்பக்கம், பின்பக்கம், தலைக்கு மேல் என்று பாடம் நீளும். ஆரம்ப நாட்களில் அவரவர் கம்பு அவரவர் முழங்காலையே பதம் பார்க்கும். இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாள்வீச்சு, சுருள்வாள் எல்லாம் பல ஆண்டுகள் தள்ளி.

எதைத் தொடங்கினாலும் வணக்கம் உண்டு. மண்ணைத் தொட்டு, வாத்தியாரை வணங்கி, எதிரில் நிற்பவரையும் வணங்கிவிட்டுத்தான் கம்பு எழும். எதிரில் நிற்பது தன்னைவிட நான்கு வயது சின்னப் பையனாக இருந்தாலும் அதே வணக்கம்தான்.

ஜோடி போட்டு ஆடும்போது கவனித்துப் பாருங்கள். வேகமாக வரும் கம்பு, எதிராளியின் தலைக்கு இரண்டு விரல்கடை முன்னால் டக்கென்று நின்றுவிடும். ஓங்கி அடிப்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம், கோபம் போதும். ஓங்கியதை நிறுத்துவதற்குத்தான் வருடக்கணக்கில் பழக வேண்டும். போட்டியிலும் உடம்பில் பட்ட தொடுகைக்குத்தான் புள்ளி. முன்பெல்லாம் கம்பு முனையில் வண்ணப்பொடி தடவி, எதிராளியின் உடம்பில் விழுந்த தடத்தை எண்ணுவார்களாம். அடியின் பலத்துக்கு மதிப்பெண் இல்லை.

பிரேசிலில் இதே பாடம்

இதே பாடத்தை உலகின் மறுகோடியில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இளைஞர்கள் ஆர்வமாகக் கற்கிறார்கள். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவை உருவாக்கினார். அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அங்கே பெலேம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், மெலிந்த உடம்புக்காரரான தம்பி எலியோவும் அந்தக் கலையைத் தங்கள் பாணியில் வளர்த்தெடுத்தார்கள். 1993-ல் அமெரிக்காவில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில், எலியோவின் மகன் ராய்ஸ் தன்னைவிட எடை கூடிய மூன்று பேரை ஒரே இரவில் தோற்கடித்தார். அதற்குப் பிறகுதான் உலகமே அந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது.

அந்த வகுப்புகளின் உயிர்நாடி 'டேப்' என்ற ஒரு தட்டுதான். பிடியில் மாட்டிக்கொண்டு இனி முடியாது என்று தெரிந்தால், எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்ட வேண்டும். தட்டிய அடுத்த நொடி பிடி விடுபட வேண்டும். கறுப்பு பெல்ட் வாங்கப் பொதுவாகப் பத்து வருடங்கள் ஆகும். அதற்குள் ஒருவர் ஆயிரக்கணக்கான முறை தட்டியிருப்பார். அதாவது, அத்தனை முறை 'தோற்றுவிட்டேன்' என்று ஒப்புக்கொண்டு, கைகொடுத்து, மறுநாள் அதே ஆளோடு மறுபடி மோதியிருப்பார்.

பிடி வேறு, கம்பு வேறு. ஆனால், தோற்பதைக் கூச்சமில்லாமல் பழகும் இடமாகவும், ஜெயித்தவர் உடனே நிறுத்தக் கற்கும் இடமாகவும் இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் தோற்றால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். மைதானத்தில் தோற்றால் "திரும்ப நில்லு" என்பதோடு முடிந்தது.

ஷிஃப்ட் முடிந்து வரும் ஊர்

ராஜபாளையம் மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லிலிருந்து இன்றுவரை நூற்பாலைகள்தான் இந்த ஊரின் கடிகாரம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி. சுற்றுவட்டாரமே நூலையும் துணியையும் நம்பி ஓடுகிறது. அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், அம்மாவுக்குத் தையல் மெஷின் என்று இருக்கும் வீட்டில், மாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவே பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பெரும்பாலும் செல்போனுக்குள். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சிலம்ப வகுப்பு எடுத்துக்கொள்கிறது.

வகுப்பில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ நிறையப் பேர். அதனால் மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ஒன்பதாம் வகுப்பு அக்காதான் முதல் வாத்தியார். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். யார் எந்தத் தெரு என்று கம்புக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரு அடையாளம் பார்த்துப் பழகிய தென்மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. மைதானத்துச் சுவரோரம் காத்திருக்கும் அம்மாக்களுக்குள்ளும் பேச்சு ஆரம்பித்துவிடும். யாருக்கு ரேஷன் கார்டு வரவில்லை, எந்த டாக்டரிடம் போனால் சளி சரியாகும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

பலர் சேர்ந்து ஒன்றைச் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை ஆடிப்பூரத்தன்று பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். ஆனால், அத்தனை பேரின் பலத்தையும் காப்பாற்றுவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்தான். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். தேரோட்டத்தில் அதுதான் தேரைத் திருப்பும், நிறுத்தும், ஆட்களைக் காக்கும். கம்பை நிறுத்தப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் உள்ளூரிலேயே வேறு வேண்டுமா?

எங்கே விட்டுப்போகிறது?

எல்லாம் சரி. ஆனால், பத்து வயதில் கூட்டமாக இருக்கும் வகுப்பு, பதினைந்து வயதில் பாதியாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷன், பிளஸ் டூவில் நீட் கோச்சிங். பெண் பிள்ளை என்றால் வயதுக்கு வந்ததும் "போதும், வீட்டில் இரு" என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தன் மனதுக்குப் பிடித்ததைத் துணிந்து பாடிய பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர் இது. மைதானத்திலிருந்து மகளை இறக்கும் முன், கோயிலுக்குள் யாரைச் சேவித்துவிட்டு வந்தோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். தெருவில் பயமில்லாமல் நடக்கவும், "வேண்டாம்" என்பதை அழுத்திச் சொல்லவும் அந்த வயதில்தான் பயிற்சி அதிகம் தேவை.

வாத்தியார்களின் நிலைமையும் சுலபமில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் சொல்லிக்கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். இடம் சொந்தமில்லை. காலி மனையில் வீடு எழும்பினால் வகுப்பு வேறு இடம் தேட வேண்டும்.

நல்ல மாற்றங்களும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் சிலம்பம் இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. இதனால் பெற்றோரின் ஆர்வம் கூடியிருக்கிறது. கூடவே சான்றிதழ் ஆசையும் வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தையை மணிக்கணக்கில் கம்பு சுற்றவிட்டு 'சாதனை' என்று போட்டோ எடுப்பதில் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? காலடியை அவசரப்படுத்த முடியாது.

வகுப்பில் சேர்க்கும் முன்...

உங்கள் ஊரில் சிலம்பமோ கராத்தேயோ ஜியு-ஜிட்சுவோ எதுவானாலும், பிள்ளையைச் சேர்க்கும் முன் இரண்டு மாலைகள் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா? இருந்தால், அந்த வாத்தியாரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாரமே கம்பைக் கையில் கொடுத்து மேடை ஏற்றுகிறார்களா? கொஞ்சம் யோசியுங்கள்.

ஜோடி ஆட்டத்தில் தலைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு உண்டா? இதில் சமரசம் கூடாது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? பெண் பிள்ளைகளுக்கு மூத்த அக்கா ஒருவராவது இருக்கிறாரா?

அடிபட்ட பிள்ளை அழும்போது, அடித்த பிள்ளை என்ன செய்கிறது? ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தால், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கும். அதே தடத்தில் இன்னொரு ரயிலின் பெயரே சிலம்பு எக்ஸ்பிரஸ்தான். அது கண்ணகி கால் சிலம்பு, கம்பு இல்லை! மதுரையிலிருந்து பஸ் வசதிக்குக் குறைவில்லை. ஊருக்கு ஊர் டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

காலையில் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ராஜபாளையம் வாருங்கள். சென்னை ராஜதானியின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தன் வீட்டையே கொடுத்த காந்தி கலை மன்றம் இங்கேதான் இருக்கிறது. அருவிக்குப் போவதென்றால் தண்ணீர் விழுகிறதா, வனத்துறை அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாலை ஐந்தரைக்குப் பக்கத்து டீக்கடையில் "சிலம்பம் எங்கே சொல்லிக்கொடுக்கிறாங்க?" என்று கேட்டால் வழி சொல்வார்கள். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக உட்காருங்கள். அனுமதி கேட்காமல் பிள்ளைகளைப் படமெடுக்க வேண்டாம். வாங்கி வைத்த பால்கோவாவில் கொஞ்சம் மிச்சமிருந்தால் வாத்தியாரிடம் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.